இன்னாசி கோத்த ஜப்பான்

தருமபுரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஓர் அச்சகத்தில் எனக்குப் புரூஃப் பார்க்கும் வேலை. பதினாலு வருஷம் பார்த்தேன். அடுத்தவர் செய்த தப்பைத் தேடித் தேடியே கண் கெட்டவன் நான். அதனால் என் தப்பையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் பாதிக் குற்றம் என்னுடையது. இன்னாசி அதையும் சேர்த்துத் தன் தலையில் போட்டுக்கொண்டார், நானும் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்னாசி அங்கே அச்சுக் கோப்பவர். கோவிலூர் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். சேலத்தில் ஒரு பாதிரியார் நடத்திய அச்சகத்தில் சின்ன வயதில் தொழில் கற்றவர். கொஞ்சம் இங்கிலீஷும் அங்கேயே ஒட்டிக்கொண்டது. காலை எட்டு மணிக்கு எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்றால் சாயங்காலம் ஆறு வரைக்கும் நிற்பார். சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டுதான் சாப்பிடுவார். கெண்டைக்கால் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். "கொஞ்சம் உக்காருங்களேன்" என்றால், "உக்காந்தா எந்திரிக்க மனசு வராதுங்க, பச்சியப்பன்" என்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைக் கேட்டாலும் ஏறக்குறைய அதே பதில்தான்.

அந்தத் தொழில் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எழுத்துக்கள் எல்லாம் ஈயத்தில் வார்த்தவை. மரப்பெட்டியில் க-வுக்கு ஓர் அறை, கி-க்கு ஓர் அறை, கு-வுக்கு ஓர் அறை. ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிவரியாக அடுக்கி, அச்சடித்து, பிறகு பிரித்துப் பழையபடி அறைகளில் போட வேண்டும். ஓர் எழுத்து தீர்ந்துபோனால் தீர்ந்துபோனதுதான். மதராஸுக்கு எழுதிப்போட்டு வருவதற்குள் இரண்டு பண்டிகை போய்விடும்.

தருமபுரி தனி மாவட்டமான மறுவருஷம், அதாவது அறுபத்தாறில், எங்கள் முதலாளி ராஜாமணிக்கு ஒரு வாரத்தாள் நடத்தும் ஆசை வந்தது. நாலே பக்கம். கலெக்டர் எங்கே போனார், காரிமங்கலம் சந்தையில் ராகி என்ன விலை, பஸ் எத்தனை மணிக்கு, யார் யாருக்குக் கண்ணீர் அஞ்சலி, இவ்வளவுதான். எப்படி அடுக்கினாலும் பத்தியின் அடியில் நாலு விரல் அகலத்துக்கு ஓட்டை விழும். அதை அடைக்கத்தான் துணுக்கு. "வண்ணத்துப்பூச்சி காலால் ருசி பார்க்கிறது. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்திலும் நம் கழுத்திலும் ஏழே எலும்புகள்தான்." இந்த மாதிரி. துணுக்கு எழுதுவது யாருடைய வேலையும் இல்லை. அதனால் அது இன்னாசியின் வேலை ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்துல் சுபானின் பழைய பேப்பர் கடைக்குப் போவார். எடைக்கு வந்த இங்கிலீஷ் பத்திரிகைகளைப் புரட்டி, அங்கங்கே நாலு வரியைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வருவார். அவருக்குத் துணுக்கில் ஓர் ஆர்வமும் கிடையாது. "எந்த நாட்டுல எவன் மீசைய எவ்வளவு நீளம் வளத்தா எனக்கென்னங்க" என்பார். அவருக்கு வேண்டியது நாலு வரிக்கு ஒன்று, ஆறு வரிக்கு ஒன்று, எட்டு வரிக்கு ஒன்று. ஓட்டைக்குத் தக்க அடைப்பு.

இப்போது ஜப்பானுக்கு வருகிறேன். எங்கள் அச்சகத்தில் ஸ் என்ற எழுத்துக்குத் தீராத பஞ்சம். பஸ், போலீஸ், காங்கிரஸ், ஸ்டோர்ஸ் என்று முன்பக்கமும் விளம்பரமுமாகச் சேர்ந்து அத்தனை ஸ்-ஐயும் தின்றுவிடும். கடைசியில் துணுக்குக்கு வரும்போது அறை காலியாக இருக்கும். ஸ்வீடன் வராது, பிரான்ஸ் வராது, ஆஸ்திரேலியா வராது. ஆனால் மதராஸ்காரன் ஒரு தடவை தவறுதலாக ஜ-வை இரண்டு மடங்கு அனுப்பியிருந்தான். அறை கொள்ளாமல் தனியாக ஒரு தகர டப்பாவில் கிடந்தது. இன்னாசி என்ன செய்வார்? உலகத்தில் நடந்த எல்லாவற்றையும் ஜப்பானில் நடந்ததாகக் கோத்துவிட்டார்.

அப்படித்தான் ஆஸ்திரேலியாவின் கங்காரு ஜப்பானுக்குக் குடிபோனது. ஸ்பெயினில் தக்காளி எறிந்தவர்கள் ஜப்பானில் எறிந்தார்கள். ஒரு பள்ளிக்கூட வாத்தியார், பரீட்சையில் பதினோரு பிள்ளைகள் கங்காரு வாழும் நாடு ஜப்பான் என்று எழுதிவிட்டதாகச் சண்டைக்கே வந்தார். ராஜாமணி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, "ஊர்ல பேச்சுக்கு ஒரு விசயம் வேணுமில்லீங்களா சார்" என்று அனுப்பிவைத்தார்.

அது உண்மைதான். ஊருக்குப் பேச்சுக்கு விஷயம் வேண்டியிருந்தது. அந்த வருஷங்களில் மழை இல்லை, அரிசி இல்லை, ரேஷன் வரிசையில் நின்றவர்களுக்குப் பேசிக்கொள்ள வேறு என்ன இருந்தது? முடிதிருத்தும் கடையில், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடத்தில், தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில், வெள்ளிக்கிழமை ஆனால் ஜப்பான்தான். இன்னாசி தெருவில் இறங்கினால் போதும். "ஜப்பான்ல என்ன விசேஷம் இன்னாசி?" டீக்கடையில் கேட்பார்கள். கோயிலில் கேட்பார்கள். ஒரு சாவு வீட்டில், பாடை கட்டிக்கொண்டிருந்தவன் கேட்டான். ஊருக்கெல்லாம் பேச்சுக்குப் பொருள் கொடுத்த மனுஷர் தன் வாயைத் திறந்து பேச அலுத்துப்போயிருந்தார். கும்பிடு போட்டுவிட்டுக் குமாரசாமிப்பேட்டையில் இருந்த தன் அறைக்குப் போய்விடுவார். ஒரு வாளி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

அறுபத்தெட்டு ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை. வியாழன் அன்று பேப்பர் வெளிவர வேண்டும். இன்னாசி ஒரு துணுக்குச் சீட்டு வைத்திருந்தார். ஸ்வீடனில் ஒரு குழந்தை மூன்று வயது வரை ஒரு சொல்லும் பேசவில்லை, பிறகு ஒருநாள் பேச ஆரம்பித்து இன்றைக்குப் பெரிய வழக்கறிஞராக இருக்கிறார் என்று அதில் எழுதியிருந்தது. ஸ்வீடன் வழக்கம்போல ஜப்பான் ஆயிற்று. அடுத்து மூன்று. மூ எழுத்து இல்லை.

மூ எழுத்து எங்கே போயிற்று என்றால், காரிமங்கலத்து வைத்தியர் ஒருவரின் விளம்பரத்துக்குள் போயிற்று. "மூலம், மூட்டுவலி, மூச்சிரைப்பு, மூத்திரக்கடுப்பு, மூக்கடைப்பு அனைத்துக்கும் மூலிகை" என்று ஒரு நீள வரிசை. வாராவாரம் வரும் விளம்பரம் என்பதால் அதைப் பிரிக்காமல் நூலால் கட்டி அப்படியே வைத்திருந்தோம். இருந்த மூ எல்லாம் அந்தக் கட்டுக்குள் சிறைப்பட்டுக் கிடந்தது. எண்ணாகப் போடலாம் என்றால், எண்கள் எல்லாம் பஸ் நேர அட்டவணையில் மாட்டியிருந்தன. இன்னாசி ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். பிறகு மூன்றுக்குப் பதிலாக ஏழு என்று கோத்தார்.

ஏழு குட்டிச் சொல். அதனால் அடுத்த சொற்கள் மேல் வரிக்கு ஏறிக்கொண்டு, கடைசி வரியில் பாதி இடம் காலியாக நின்றது. அதை அடைக்க அவரே ஒரு வாக்கியம் சேர்த்தார்: "பெற்றோர் கவலைப்பட வேண்டாம்."

சீட்டையும் புரூஃபையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் என் வேலை. சீட்டில் மூன்று. புரூஃபில் ஏழு. நான் பார்த்தேன். கண்ணில் படாமல் போகவில்லை, நன்றாகவே பட்டது. காலையிலிருந்து பதினாறு கல்யாணப் பத்திரிகை பார்த்துக் கண் எரிந்துகொண்டிருந்தது. துணுக்குதானே, ஜப்பான்தானே, யார் போய்க் கேட்கப்போகிறார்கள் என்று மூலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

நாலு வருஷம் போயிற்று. எழுபத்திரண்டு ஆவணியில், அதுவும் ஒரு புதன்கிழமை, ஒரு பெண் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருத்தி அச்சகத்து வாசலில் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். பெயர் மாதம்மாள், இண்டூர். பிள்ளை பெயர் செல்லி. மாதம்மாள் இடுப்பிலிருந்து ஒரு சுருக்குப் பையை எடுத்து, அதிலிருந்து மடித்த காகிதத் துண்டு ஒன்றை எடுத்தாள். பின்பக்கத்தில் சுவர்ச் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, இத எழுதினவரு யாருங்க?"

நான் வாங்கிப் பார்த்தேன். பார்த்ததும் அந்த ஏழு வயதுத் துணுக்கு என்று தெரிந்துவிட்டது. விரலை நீட்டி இன்னாசியைக் காட்டினேன்.

"அண்ணா, ஒரு சந்தேகமுங்க" என்றாள் அவள். "எம்புள்ளைக்குச் சித்திரையோட ஏழு முடிஞ்சிபோச்சிங்க. இப்ப எட்டு நடக்குது. இன்னும் பேச்சு வரல. அந்த ஜப்பான் புள்ளைக்குப் பேச்சு வந்தது ஏழு நடக்கையிலயா, இல்ல ஏழு முடிஞ்சதுக்கு அப்புறமுங்களா?"

யந்திரம் நின்றிருந்த நேரம். அவள் கேட்டது எல்லாருக்கும் கேட்டது. ராஜாமணி தன் மேஜையிலிருந்து சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார்.

"ஏம்மா, துணுக்கெல்லாம் சும்மா பொழுதுபோக்குக்குப் போடறது. அதப் போயி வெச்சிக்கிட்டு..."

"பேப்பர்ல வந்துச்சிங்களே" என்றாள் மாதம்மாள்.

அவள் ஐந்தாவது வரை படித்தவள். இண்டூர்க் கடையில் வாங்கிய பொரிகடலைப் பொட்டலத்தில் அந்தத் துணுக்கு அவள் கைக்கு வந்தது. அதற்கு நாலு நாள் முன்னால்தான் ஊருக்கு வந்த நர்சம்மா பிள்ளையைப் பார்த்துவிட்டு, சேலத்துக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லியிருந்தாள். கிளம்பத்தான் இருந்தார்கள். "எங்கூட்டுக்காரரு இதப் படிச்சிட்டு, பெத்தவங்க கவலப்பட வேணாம்னு பேப்பர்லயே போட்டிருக்கான், நர்சுக்குத் தெரிஞ்சது பேப்பர்காரனுக்குத் தெரியாதான்னு சொல்லிட்டாருங்க. எனக்கும் நெஞ்சு ஆறிப்போச்சி. சோத்துப் பசை வெச்சிச் சுவத்துல ஒட்டினேன். தெனமும் படிப்பேனுங்க."

இன்னாசி கையில் இருந்த எழுத்தைக் கீழே வைத்தார். அன்றைக்கு அவர் ஏதாவது பொய் சொல்வார், எட்டு முடியட்டும் என்றோ வேறு என்னமோ சொல்லி அனுப்பிவிடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அப்படிச் சொல்லட்டும் என்றே ஆசைப்பட்டேன்.

"ஏழு இல்லம்மா" என்றார் அவர். "மூணு."

"என்னங்க?"

"மூணு வயசு. அந்த ஊரு ஜப்பானும் இல்ல. மூ எழுத்து எங்கிட்ட இல்ல. அதனால ஏழுன்னு போட்டேன்."

மாதம்மாளுக்கு விளங்கவில்லை. இன்னாசி அவளைப் பெட்டிக்கு அருகில் கூப்பிட்டு, வரிசையாக அறைகளைக் காட்டினார். ம, மி, மீ, மு. அடுத்த அறை காலி. அவள் அதற்குள் விரலை விட்டுப் பார்த்தாள். விரலில் கறுப்புத் தூசி ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஒரு எழுத்து இல்லன்னா வேற எழுத்து போட்டுருவீங்களா?"

"போட்டேம்மா."

"கவலப்பட வேணாம்னு இருந்துச்சே, அது?"

"எடம் காலியா இருந்துச்சி. அத அடைக்கப் போட்டேன்."

அவள் கத்தியிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை. "அன்னிக்கி எம்புள்ளைக்கு மூணு முடிஞ்சி மூணு மாசமுங்க" என்றாள். "மூணுன்னு போட்டிருந்தா அன்னிக்கே தூக்கிக்கிட்டு ஓடியிருப்பேன்." வெயிலில் நடந்து வந்த களைப்போடு சொன்ன மாதிரிதான் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து உள்ளே யந்திரத்தை ஓட்ட ஆரம்பித்தார்கள். வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த செல்லி சட்டென்று திரும்பி ஓடிப்போய், யந்திரத்தின் இரும்புக்காலில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். மாதம்மாளின் முகம் மலர்ந்தது. "பாருங்க, காது நல்லாக் கேக்குதுங்க! பஸ்ஸு வந்தாலும் எங்கூர்ல இவதான் மொத ஆளா ஓடுவா. பேச்சுதான் வரல."

இன்னாசி கொஞ்ச நேரம் பிள்ளையையே பார்த்தார். பிறகு யந்திரத்தை நிறுத்தச் சொன்னார். செல்லியைத் தூக்கி, காகிதக் கட்டுகளின் மேல், கால் தரையில் படாதபடி, சுவரைப் பார்த்து உட்காரவைத்தார். கையில் விளையாட ஒரு வண்ணக் காகிதம் கொடுத்தார். மறுபடி ஓட்டச் சொன்னார். கடகடவென்று யந்திரம் ஓடிற்று. பிள்ளை திரும்பவில்லை. இரும்புச் சட்டம் ஒன்றை எடுத்துக் கல்மேசையில் அடித்தார். எனக்குக் காது அடைத்தது. செல்லி காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்குக் காலுல கேக்குதும்மா" என்றார் இன்னாசி. "காதுல கேக்கல."

மாதம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏழு வருஷம் அவள் அந்தப் பிள்ளையிடம் பேசியதெல்லாம், தாலாட்டு, திட்டு, கதை, எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் அவள் முகத்தில் வந்து போயிற்று. நான் புரூஃப் காகிதத்தைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அன்று மாலை இன்னாசி முதலாளியிடம் ஒரு திருத்தம் போட வேண்டும் என்றார். ராஜாமணி அதற்கும் சிரித்தார். "கலெக்டர் பேரு தப்பாப் போச்சின்னா திருத்தம் போடலாம். நாலு வருஷத்துக்கு முந்தின துணுக்குக்கு எவன்யா திருத்தம் போடுவான்?" இன்னாசி திரும்பி வந்து, வைத்தியர் விளம்பரத்தின் கட்டை அவிழ்த்தார். மூலத்திலிருந்து ஒரு மூ-வையும் மூட்டுவலியிலிருந்து ஒரு மூ-வையும் உருவினார். கடைசிப் பக்கத்து அடியில் அவரே கோத்தார்:

"திருத்தம். நாலு வருஷத்துக்கு முந்திய ஆடித் துணுக்கில் ஏழு வயது என்று போட்டது தவறு. மூன்று வயது. ஊரும் ஜப்பான் அல்ல. மூன்று வயதாகியும் குழந்தை பேசாவிட்டால் பெற்றோர் கவலைப்பட வேண்டும். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்."

புரூஃப் என்னிடம் வந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. அதையும் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை வைத்தியர் காரிமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்து குதித்தார். அவர் விளம்பரத்தில் "லம், ட்டுவலி" என்று இருந்தது. ராஜாமணி இன்னாசியைத் தெருவில் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி திட்டினார். இனிமேல் துணுக்கு வேலை அவருக்குக் கிடையாது என்றார். அது தண்டனை என்று ராஜாமணி நினைத்தார் பாவம். திருத்தத்தை மட்டும் ஒருவரும் கவனிக்கவில்லை. அன்று சாயங்காலம் டீக்கடையில் ஒருவன் கேட்டான்: "ஏன் இன்னாசி, இந்த வாரம் ஜப்பான்ல ஒண்ணுமே நடக்கலியா?"

மாதம்மாளிடம் சொல்லி அனுப்பியிருந்தபடி சனிக்கிழமை சேலத்துக்குப் போனோம். மாதம்மாள், அவள் புருஷன், செல்லி, இன்னாசி, நான். "பேசறதுக்கு ஓராள் வேணும், எனக்குப் பேச வராது" என்று இன்னாசி என்னை இழுத்துக்கொண்டு வந்தார். தொப்பூர்க் கணவாயில் பஸ் உறுமிக்கொண்டு இறங்கியபோது செல்லி ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். மாதம்மாளின் புருஷன் வழி முழுக்க எங்களைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் நாங்கள் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது?

சேலத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கிருந்த டீச்சரம்மா செல்லிக்குப் பின்னால் நின்று கை தட்டினார், மணி அடித்தார், தகரத்தைத் தட்டினார். பிறகு ஒரு சீட்டில் என்னென்னவோ எழுதினார். சேர்த்துக்கொள்கிறோம் என்றார். நல்ல சூட்டிகையான பிள்ளை என்றார். அப்புறம் பேனாவை மூடிக்கொண்டே, "மூணு நாலு வயசுலயே கொண்டாந்திருக்கக் கூடாதுங்களா? சின்ன வயசுன்னா இன்னும் எவ்வளவோ சொல்லிக் கொடுத்திருக்கலாம். நாலு வருஷம் போச்சே" என்றார்.

இன்னாசி யாரும் சொல்லாமலே, பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை வந்து பார்க்கலாம். மாதம்மாள் கேட்டாள்: "நான் திரும்பி வருவேன்னு இவளுக்கு எப்படிங்க சொல்றது?" அதுதான். அந்தப் பிள்ளைக்கு ஒரு சொல் தெரியாது. நாளைக்கு என்ற சொல் தெரியாது. அம்மா என்ற சொல்கூட, அது ஒரு சொல் என்று தெரியாது. டீச்சரம்மா, "போகப்போகப் புரிஞ்சிக்குவா" என்றார். மாதம்மாள் கேட்டுக்கு வெளியே போய் மறைந்து நின்றாள். திரும்பி உள்ளே வந்து முகத்தைக் காட்டினாள். மறுபடி போனாள். மறுபடி வந்தாள். போவேன், ஆனால் வருவேன் என்று சொல்ல அவளுக்கு அது ஒன்றுதான் தெரிந்தது. நாலாவது தடவை போனபோது செல்லிக்கு அது விளையாட்டாகிவிட்டது. கை தட்டிச் சிரித்துக்கொண்டு கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சிரிப்போடு அப்படியே விட்டுவிட்டு நாங்கள் பஸ் ஏறினோம். எவ்வளவு நேரம் நின்றிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

அதற்குப் பிறகு துணுக்குகளை ராஜாமணியே எழுதிக் கொடுத்தார். இன்னாசி கோக்க மறுத்துவிட்டார். செய்தி கோப்பார், அஞ்சலி கோப்பார், டெண்டர் அறிவிப்பு கோப்பார். துணுக்குச் சீட்டு வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். முதலாளி இரண்டு மாதம் கத்திப் பார்த்தார், வேலையை விட்டு அனுப்பிவிடுவேன் என்றார். இன்னாசி மாதிரி கோப்பதற்குத் தருமபுரியில் ஆள் கிடையாது. பத்தி அடியில் விழும் ஓட்டையில் ஒரு பூப்படம் போட ஆரம்பித்தோம். ஊர்க்காரர்கள் கொஞ்சநாள் முணுமுணுத்தார்கள். பிறகு சினிமாவைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

மாதம்மாள் எப்போதாவது சேலத்துக்குப் போகும் வழியில் அச்சக வாசலில் நிற்பாள். உள்ளே வரமாட்டாள். "நல்லாருக்கா அண்ணா" என்பாள், போய்விடுவாள். எங்களை மன்னித்தாளா என்று கேட்காதீர்கள். அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

எழுபத்தேழு பிறப்பதற்குள் இன்னாசியின் கண்ணில் புரை இறங்கிவிட்டது. எழுத்தை விரலால் தடவித்தான் கோப்பார். கால் இரண்டும் வீங்கி, கடைசியில் ஒரு முக்காலி போட்டு உட்காரவைத்தோம். அந்த வருஷம் பொங்கல் கழிந்து ஒரு தபால் கார்டு வந்தது. மேலே கோணல்மாணலாக விலாசம்: ஜப்பான் இன்னாசி மாமா, அச்சாபீஸ், தருமபுரி.

அவர் என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு முக்காலியிலிருந்து எழுந்து, பெட்டிக்கு முன்னால் பழையபடி நின்றுகொண்டார். ஐந்து வரியைக் கோக்க மத்தியானம் முழுவதும் ஆயிற்று. கார்டில் நாலு எழுத்துப் பிழை இருந்தது. நான் பென்சிலை எடுத்ததும், "அதத் தொடாதீங்க பச்சியப்பன்" என்றார். அதனால் தொடவில்லை. அது இப்படி இருந்தது:

"நத்தைக்கு காது கிடையாது. பாம்புக்கு வெளியில் காது கிடையாது. எணக்கு இரண்டு காது இருக்கிறது. கேட்காது. ஆனால் எங்கள் அம்மா பேசுவதை நான் வாயை பார்த்து படிப்பேன். செல்லி, வயது பன்னிரண்டு."

ராஜாமணி புரூஃபைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவர் பழைய கதையை எப்போதோ மறந்திருந்தார்.

"துணுக்கா? பரவால்லியே, நீ மறுபடியும் ஆரம்பிச்சிட்டியே. எந்த ஊரு விசயம்யா இது, ஜப்பானா?"

"இண்டூருங்க" என்றார் இன்னாசி.